குண்டு நாளைக்கு வரும்

துப்பாக்கி சுடுகிறவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. சுட்ட குண்டு எங்கே போயிற்று என்று சொல்கிறவனுக்குத் திட்டு மட்டும்தான் உண்டு. நான் இரண்டாவது ரகம். குறிக்குக் கீழே ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதற்குள் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேலே கட்டிய சாக்கில் ஓட்டை விழுந்ததா என்று பார்த்துக் கத்திச் சொல்வது என் பிழைப்பு. மார்க்கர் என்பார்கள். முதலாளி செய்த தப்பை முதலாளியிடமே எடுத்துச் சொல்லிச் சம்பளம் வாங்குவது எவ்வளவு சுகமான வேலை என்று உங்களில் கணக்கப்பிள்ளைகளுக்கும் கார் டிரைவர்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டாளத்திலும் எனக்கு இதே குழிதான். முழங்கால் போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்த நேரம், சீனச் சண்டை முடிந்து, செஞ்சிக் கடைத்தெரு வியாபாரிகளுக்கு வீரம் பிறந்திருந்தது. துப்பாக்கிச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, முறைப்படி அனுமதி வாங்கி, முப்பத்திரண்டு ரகத்தில் ஒரு ரிவால்வரும் வாங்கிவிட்டார்கள். எண்ணெய் மண்டி ஏகாம்பரம் தலைவர். ஜவுளிக்கடை வேதாசலம் செயலாளர். மற்ற உறுப்பினர்கள் போட்டோ பிடித்த அன்று வந்தார்கள். சிங்கவரம் போகிற பாதையில் ஒரு தரிசு, அதன் கோடியில் பெரிய மண்மேடு, மேட்டுக்கு முன்னால் சாக்கு, சாக்குக்குக் கீழே நான். என் பெயரை யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் நான் மிலிட்டரி.

அந்த வார்த்தை வேண்டாம்

முதல் நாள் முதல் சூடு தலைவருடையது. ராகுகாலம் கழியும்வரை காத்திருந்து, கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு இருபத்தைந்து கஜத்தில் நின்றார். ஆறு தோட்டாவும் போயின. மண்மேட்டில் புழுதி கிளம்பியது, சாக்கில் ஓட்டை விழவில்லை. பட்டாளத்துப் பழக்கத்தில் நானும் ஒவ்வொரு தடவையும் "இல்லை" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆறாவது "இல்லை"க்குத் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழிக்கே ஓடி வந்துவிட்டார்.

"இன்னா மிலிட்டரி, காலங்காத்தால இல்ல இல்லன்னு கத்திக்கினு இருக்கிற? யாவாரம் பண்றவன் காதுல விழுற வார்த்தையா அது? என் மண்டியில எண்ணெய் தீந்து போனா நான் இன்னா சொல்வேன் தெரியுமா? நாளைக்கு வரும்னு சொல்வேன். நீயும் அப்படியே சொல்லு" என்றார். அன்றிலிருந்து குண்டு பட்டால் அது எத்தனையாவது குண்டோ அந்த எண், படாவிட்டால் "நாளைக்கு வரும்" என்று ஆயிற்று. அடுத்துச் சுட்ட செயலாளருக்கு ஆறில் ஐந்து நாளைக்கு வந்தது. முகம் வாடாமல் ரிவால்வரைத் துடைத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வரட்டும் மிலிட்டரி, மெதுவா வரட்டும். காதால கேக்கவாவது நல்லா இருக்குது."

காக்கை கண்ட இடம்

பக்கத்து மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், முனியம்மாவுடையது. முதல் வாரம் அந்த அம்மாளுக்கு எங்கள்மேல் உயிர். ரிவால்வர் சத்தத்துக்குக் காக்கைகள் எல்லாம் கோட்டை மலைப்பக்கம் பறந்துவிட்டன. கொல்லையில் விதை பிழைத்தது என்று எங்களுக்கு ஒரு படி மல்லாட்டை அவித்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

இரண்டாம் வாரம் காக்கைகள் திரும்பின. சத்தம் கேட்டதும் கொல்லையிலிருந்து எழும்பி, ஒரு வட்டம் அடித்துவிட்டு, நேராக வந்து என் தலைக்கு மேலே சாக்கு கட்டிய மூங்கிலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. தலைவர் அந்தச் சாக்கைத்தான் குறி பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு தோட்டா சுட்டார். ஒரு காக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது, அதுவும் பக்கத்துக் காக்கைக்கு இடம் விடுவதற்காக. முனியம்மா களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுங்களுக்குப் புரிஞ்சி போச்சி சாமி, இந்த ஊர்லயே எந்த எடத்துல குண்டு படாதுன்னு."

திருடன் நிற்கும் தூரம்

தலைவருக்கு ரிவால்வர்மேல் இருந்த ஆசைக்குக் காரணம் சீனாக்காரன் அல்ல, மண்டிக்குள் வரப்போகிற திருடன். அந்தத் திருடன் இன்றுவரை வரவில்லை என்பது வேறு விஷயம். "இது எவ்ளோ தூரம் போகும்?" என்று ஒருநாள் கேட்டார். குண்டு அரை மைல்கூடப் போகும் என்றேன். முகம் மலர்ந்தது. ஆனால் கையில் பிடித்துச் சுடுகிறவன் குறி தப்பாமல் அடிக்கப் பழக்கம் இருந்தால் இருபத்தைந்து கஜம், பழக்கம் இல்லாவிட்டால் பத்து கஜம், பயந்து கை நடுங்குகிறவனுக்கு அதுவும் சந்தேகம் என்றேன். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மண்டியின் அளவைச் சொன்னார். கல்லாவிலிருந்து கதவுக்கு ஏழடி. நடுவில் எண்ணெய்ப் பீப்பாய்கள். அப்படியானால் திருடன் ஏழடியில்தான் நிற்பான், பீப்பாயில் பட்டால் எண்ணெய் போய்விடும், அதனால் சுடாமல் இருப்பதே லாபம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. சைக்கிளில் ஏறியவர் இறங்கி வந்தார்.

"அப்போ அவன இருபத்தஞ்சு கஜம் தள்ளி நில்லுடான்னு யாரு போய்ச் சொல்றது?"

ஜவுளிக்கடைக் கஜம்

ஆவணியில் ஜில்லாவிலிருந்து ஓர் ஆபீசர் ஜீப்பில் வந்தார். சங்கத்து அனுமதியைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்க வந்தவர். சிரிக்காத மனிதர். முதல் காரியமாக டேப்பை எடுத்துத் தூரத்தை அளந்தார். இருபத்தைந்து கஜம் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்துமூன்றரையும் கொஞ்சமும்தான் இருந்தது. மறுபடி அளந்தார், அதேதான். யார் அளந்தது என்று கேட்டார். மீட்டர் வந்தபிறகு கடை மூலையில் கிடந்த தம் பழைய இரும்புக் கஜக்கோலைக் கொண்டுவந்து இருபத்தைந்து தடவை புரட்டிப் போட்டு அளந்தவர் செயலாளர் வேதாசலம்தான். கோலை ஆபீசர் கையில் வாங்கி டேப்பின்மேல் வைத்தார். இரண்டு அங்குலம் குறைந்தது. அங்கே வேடிக்கை பார்க்க நின்றவர்களில் பாதிப்பேர், கல்யாணத்துக்கு வேதாசலம் கடையில் எடுத்த வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

ஆபீசர் சாக்கையும் பார்த்தார். ஆறு மாதம் சுட்ட சாக்கு, அரிசி கட்டினாலும் சிந்தாது. "தை மாசம் திரும்ப வருவேன். தலைவர், செயலாளர் ரெண்டு பேரும் ஆறுக்கு நாலு அடிக்கணும். ஒருத்தர் தவறினாலும் சங்கத்தை மூடிட்டு ரிவால்வரை ஒப்படைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கம் போனால் என் வேலை போச்சு. காலை இழுத்து இழுத்து நடக்கிறவனுக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற உத்தியோகம் வேறு என்ன இருக்கிறது? என் மனைவி கனகா, மெட்ராஸில் அவள் அண்ணன் இருக்கிற மில்லில் வாட்ச்மேனாகச் சேர் என்று ஏற்கெனவே ஆரம்பித்திருந்தாள். அவள் அண்ணனோடு ஒரே வீட்டில் இருப்பதைவிடத் தலைவருக்கு எதிரே சாக்காக நிற்கலாம். நான் இப்படிக் கவலையில் இருக்க, செயலாளருக்கு வேறு கவலை.

"முப்பது வருஷமா அந்தக் கோல்லதான் அளந்தேன், ஒரு ஆளு வாயத் தொறக்கல. இவரு வந்த அரை மணியில கண்டுபுடிச்சிட்டாரு பாரு."

நெற்றிக்கு இட்ட பொட்டு

அதற்குப்பிறகு இரண்டு பேரையும் வறுத்து எடுத்தேன். மூச்சை அடக்கு, விசையைப் பிடுங்காதே, முன்குறியைக் கண்ணருகே இருக்கிற பின்பள்ளத்தின் நடுவில் நிறுத்து என்று தினமும் காலையில் பாடம். புரட்டாசி முடிவதற்குள் தலைவர் ஆறுக்கு மூன்று, செயலாளர் ஆறுக்கு நான்கு என்று வந்துவிட்டார்கள். காக்கைகள் சாக்கை விட்டுப் போயின. எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போது ஆயுத பூஜை வந்தது.

பூஜை தலைவர் வீட்டில். தராசு, படிக்கல், எண்ணெய் அளக்கிற லிட்டர், அவற்றுக்கு நடுவில் மணையில் எங்கள் ரிவால்வர். தலைவரின் மனைவி சௌந்தரம் அம்மாள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டே வந்தார்கள். ரிவால்வருக்கு எது நெற்றி என்று கொஞ்சம் யோசித்து, குழாயின் நுனியில் நிமிர்ந்திருக்கிற முன்குறியில் கட்டியாக வைத்தார்கள். மறுநாள் முதல் எல்லாக் குண்டும் சாக்குக்குக் கீழே மண்ணில் குத்தி என் தலையில் மண்ணை வாரிக் கொட்டியது. முன்குறி ஒரு நெல்மணி கனம் உயர்ந்தால் இருபத்தைந்து கஜத்தில் குண்டு ஒரு முழம் இறங்கிவிடும். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. போதாததற்கு வெள்ளிக்கிழமைதோறும் பழசின்மேல் புதுசு. துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியை எடுத்தேன். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுமங்கலி வெச்ச பொட்ட அழிக்கிறியா? சங்கம் போனா போவுது. அப்புறம் நான் வூட்டுக்குள்ள போவணுமா வாணாமா?"

பின்னாலும் ஒன்று

சாக்குக்கு ஒரு முழம் மேலே ஆகாயத்தைக் குறி பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். செயலாளரின் முழம் எவ்வளவு என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. தலைவர் ஆகாயத்தைப் பார்த்தால் ஆகாயத்தைத்தான் சுட்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. என் குழியில் இடுப்பளவு தண்ணீர், நான்கைந்து தவளைகள். கார்த்திகை முழுக்கப் பழக்கம் கிடையாது. கனகா மெட்ராஸுக்குக் கடிதம் எழுதச் சொல்லித் தபால் கார்டு வாங்கி வைத்துவிட்டாள். அந்தக் கார்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழியில் மழை விட்டபிறகு ஒரு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது உதித்தது. முன்னால் உயர்ந்ததைக் குறைக்க முடியாவிட்டால் பின்னால் உயர்த்த வேண்டியதுதானே. பின்பள்ளத்தின் இரண்டு கரையிலும் அதே கனத்துக்குச் சந்தனம் ஏறினால் கணக்கு நேராகிவிடும். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். "அம்மா, முன்னாடி மட்டும் வெச்சிட்டுப் பின்னாடி வெறுமனே வுட்டுட்டீங்களே" என்று பவ்யமாகச் சொன்னேன். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தார்கள். நான் தீக்குச்சியால் நடுவைச் சீராக்கினேன். அன்று சாயங்காலம் தலைவர் ஆறுக்கு ஐந்து அடித்தார். ஐந்தாவது எண்ணைக் கோட்டை மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். விஷயம் கேள்விப்பட்ட சௌந்தரம் அம்மாள் கணவரைப் பார்த்துச் சொன்னார்கள்:

"பின்னாடி வெக்காதது என் தப்புதான். ஆனா மூணு மாசமா சுட்டுக்கினு இருந்தியே, உனக்காவது தோண வாணாமா?"

கண்ணில் ஒற்றிக்கொண்டது

தை மாதம், சொன்னபடி ஆபீசர் வந்தார். டேப்பை எடுத்தார், சரியாக இருபத்தைந்து. கடைத்தெரு பாதி அங்கே இருந்தது. சௌந்தரம் அம்மாள் எல்லோருக்கும் தவலையில் மோர் கொண்டுவந்திருந்தார்கள். செயலாளர் முதலில் சுட்டார், ஆறுக்கு நான்கு. பிறகு தலைவர். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்றும் சாக்கில் விழுந்தன. இன்னும் ஒன்று போதும். குழியில் இருந்தபடியே நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாலாவது குண்டு என் தலைக்கு மேலே, சாக்குக்கும் மேலே விர்ரென்று போயிற்று. "நாளைக்கு வரும்" என்றேன். அஞ்சாவதும் அதே பாதை. எனக்குக் குழப்பம். சாக்கைக் குறி பார்த்தபோதெல்லாம் ஆள் இதுவரை கீழேதான் தவறியிருக்கிறார், மேலே தவறியதே கிடையாது. குழி விளிம்பில் லேசாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது குண்டு பட்ட சந்தோஷத்தில், காலையில் முதல் போணிக் காசைச் செய்கிற மாதிரி, தலைவர் அப்போதே ரிவால்வரை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. வியர்வையில் ஊறிய முன்பொட்டு அப்படியே அவர் புருவத்துக்குப் போய்விட்டது. பின்பொட்டு இரண்டும் பத்திரமாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் குண்டு ஒரு முழம் மேலே போகிறது. மார்க்கர் சுடுகிறவனிடம் பேசக்கூடாது என்பது சட்டம். ஆபீசர் செயலாளரைக் கூப்பிட்டு என்னைக் காட்டிக் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

"அந்தாளு என்னய்யா நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னு கத்தறான்? எனக்கு இன்னைக்கு வேணும்."

எழுந்து நின்ற சாக்கு

கடைசித் தோட்டா. தபால் கார்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. மச்சான் வீடும் வந்தது. நான் யோசிக்கவில்லை. மூங்கில் சட்டத்தின் அடியில் தோளைக் கொடுத்து, முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, சாக்கை அப்படியே ஒரு முழம் மேலே தூக்கினேன். டப்பென்று சத்தம். நட்டநடுவில் ஓட்டை. "ஆறு" என்று கத்தினேன். யாரும் கை தட்டவில்லை. குழிக்கு மேலே ஆபீசரின் பூட்ஸ் தெரிந்தது.

வெளியே வரச்சொன்னார். பதினோரு வருஷப் பட்டாளத்தில் ஒரு பொய் ஓட்டை போட்டதில்லை. இப்போது இத்தனை பேர் முன்னால் சாக்கைத் தூக்கியவனாக நின்றபோது வெட்கமாக இருந்தது. முன்பொட்டு, பின்பொட்டு, புருவத்துப் பொட்டு, தபால் கார்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆபீசர் தலைவரின் புருவத்தைப் பார்த்தார். ரிவால்வரைப் பார்த்தார். என்னைக் குழிக்குள் அனுப்பிவிட்டு, தாமே இரண்டு தோட்டா போட்டுக் குறி பார்த்துச் சுட்டார். இரண்டும் விர்ரென்று மேலே போயின. பழக்கதோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை. "நாளைக்கு வரும்" என்று ஜில்லா ஆபீசருக்கே இரண்டு தடவை சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உயிர் போயிற்று.

பிறகு ஆபீசர், பொட்டை வைத்தது யார் என்று கேட்டார். மோர்த் தவலையை இறக்கி வைத்துவிட்டு சௌந்தரம் அம்மாள் முன்னால் வந்தார்கள். "நான் வெச்சது. எடுக்கிறதா இருந்தாலும் நான்தான் எடுக்கணும்" என்று முந்தானையை மோரில் நனைத்து முன்னும் பின்னும் பளிச்சென்று துடைத்தார்கள். மூன்று மாதமாக நாங்கள் யாரும் அவர்களிடம் துடைக்கச் சொல்லிக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் புதிதாக ஆறு சுட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு குழியில் உட்கார்ந்திருந்தேன். நான்கு விழுந்தது, இரண்டு நாளைக்கு வந்தது. ஆபீசர் கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறியவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இனி சாக்கில் கை வைத்தால் வேலை போகும் என்று எச்சரித்தார். பிறகு தலைவரைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

"அடுத்த ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியை வுட்டுடுங்க. பொட்டை இந்தாளுக்கு வைங்க. இவர் நெத்தியில எவ்வளவு சந்தனம் ஏறினாலும் குண்டு நேராத்தான் போகும்."

அன்று முதல் சங்கம் இருந்தவரை வருஷந்தோறும் தராசுக்கும் படிக்கல்லுக்கும் நடுவில் மணையில் உட்கார்ந்து சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டேன்; சுடத் தெரிந்தவர்களுக்கு மெடல் கிடைக்கும், சுட்டது படவில்லை என்று நயமாகச் சொல்லத் தெரிந்தவனுக்குப் பூஜையே கிடைக்கும்.